பாய்க்கடியில் பெனியாமினா

நிதிமூலம் விசாரிப்பவர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், செருப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார், "எங்க எடுத்தீங்க? எவ்வளவு? யாரு வாங்கிக் குடுத்தாங்க?" என்று அடுக்கி, எல்லாவற்றுக்கும் பதில் வாங்கி, அந்தப் பதில்களை நம்பாமல் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் மனைவியிடம் மறுபடியும் கேட்பார். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நிதிமூலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் இவர் உள்ளே வந்தார்.

உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிற இனம்தான். ஆனாலும் கழுத்தில் அட்டை மாட்டிய, சம்பளம் வாங்குகிற, முழு வளர்ச்சி பெற்ற வகையைப் பார்க்கவேண்டும் என்றால் நீங்கள் பசிபிக் கடலில் இருக்கிற எங்கள் சமோவாவுக்கு, அதிலும் சவாயி தீவுக்கு வரவேண்டும். இங்கே மட்டாலோவா என்ற கிராமத்தில், நம் ஊரிலிருந்து வந்து நான் கடை வைத்துப் பல வருஷம் ஆகிறது. மீன் டின், சோப்பு, கொசுவத்தி. கடையின் ஒரு மூலையைத் தடுத்து, கம்பி அடித்து, வெளிநாட்டுப் பணம் பட்டுவாடா செய்கிற ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்புவதை ஊர்க்காரர்கள் கம்பிக்கு வெளியே நின்று வாங்கிக்கொள்வார்கள். கம்பிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் பெனியாமினா.

ஒரு காலத்தில் ரொம்ப நல்ல மனிதர். பணத்தைக் கொடுப்பார், சிரிப்பார், "பையன் எப்ப வர்றான்?" என்பார், அத்தோடு சரி. அப்புறம் சட்டம் வந்தது. தீவிரவாதிகளுக்குப் பணம் போகாமல் தடுக்கிற சட்டம்.

இங்கே தீவிரவாதி உண்டா என்று கேட்கிறீர்களா? நாங்களும் கேட்டோம். எங்கள் ஊர் கண்ட பெரிய தீவிரம், சாயங்காலப் பிரார்த்தனைக்கு மணி அடித்த பிறகு ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டியதுதான். அதற்கே ஊர்ச்சபை கூடி அவனிடம் ஒரு பன்றியை அபராதமாக வாங்கிச் சுட்டுத் தின்று நாட்டைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் பெரிய நாடுகள் விடவில்லை. சட்டம் போடு, போட்டதை நடத்திக் காட்டு, காட்டாவிட்டால் உன் நாட்டுக்குப் பணம் அனுப்புகிற வழியை எங்கள் வங்கிகள் மூடிவிடும் என்று சொல்லிவிட்டன. பிள்ளைகள் அனுப்புகிற பணத்தில்தான் இங்கே பாதி அடுப்பு எரிகிறது. மறுபேச்சில்லாமல் சட்டம் நிறைவேறியது.

பெனியாமினாவைப் பயிற்சிக்காக ஃபிஜிக்கு அனுப்பினார்கள். இடுப்பில் லாவாலாவா வேட்டி, காலில் ரப்பர் செருப்பு என்று கிளம்பிப் போனவர், திரும்பி வரும்போது கழுத்தில் ஓர் அட்டை, தோளில் மாநாட்டுப் பை, கண்ணோரத்தில் ஒரு சுருக்கம் என்று கப்பலிலிருந்து இறங்கினார். அட்டையின் எழுத்து அழிந்துவிட்டது, பை கிழிந்துவிட்டது. சுருக்கம் மட்டும் போகவில்லை.

இந்தத் தீவில் வழியில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே "எங்க போற?" என்பதுதான். நம் ஊரில் இப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். இங்கே அது வணக்கம். யாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. "இங்கதான்" என்று கையை ஆட்டிவிட்டு நடக்கலாம். ஃபிஜியிலிருந்து வந்த பெனியாமினா பதிலுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். ஊர் ஆடிப்போய்விட்டது.

கம்பிக்கு உள்ளே நடப்பதை நான் தினமும் மீன் டின் அடுக்கிக்கொண்டே கேட்பேன். ஓர் உதாரணம் போதும்.

"இந்தப் பணம் எதுக்கு?"

"அரிசி வாங்க."

"அரிசி யாருக்கு?"

"எங்க வீட்டுக்கு."

"வீட்ல யார் யாரு இருக்கீங்க?"

"ஏன்டா பெனி, நேத்து ராத்திரி எங்க வீட்லதானேடா உக்காந்து தின்ன?"

"அது எனக்குத் தெரியும் சித்தப்பா. கம்பிக்கு உள்ள உக்காந்திருக்கவனுக்குத் தெரியாது."

இப்படியே போனால் மனிதர் என்ன ஆவார்? தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு வந்தால், போடுகிற கையைப் பார்க்காமல் போடுகிறவர் முகத்தைப் பார்ப்பார். விருந்தில் சுட்ட பன்றியை எல்லோரும் பசியோடு பார்க்கும்போது இவர் யோசனையோடு பார்ப்பார். ஒரு தடவை நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிங்கண்ணே, நல்லா சிரிங்க. ஒரே ஒரு தப்பான காசு என் கை வழியாப் போச்சுன்னு வைங்க. அங்க உக்காந்திருக்கிற ஒருத்தன் ஒரு பொத்தான அமுக்குவான். அப்புறம் இந்த ஊர்ல ஒரு கிழவிக்கும் மாத்திரை வராது. அந்தப் பொத்தான நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

அவர் சொன்னதில் தவறே இல்லை. இந்த இனத்தோடு இருக்கிற தொல்லையே அதுதான். அவர்கள் சொல்வதில் பெரும்பாலும் தவறு இருக்காது.

சட்டத்திலேயே அவருக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. யார் மேல் சந்தேகம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாலும், எழுதிக் கொடுத்த சங்கதி அந்த ஆளுக்குத் தெரியவே கூடாது. தெரியப்படுத்திவிட்டால் எழுதிக் கொடுத்தவருக்குச் சிறை. இதைச் சொல்லும்போது பெனியாமினாவின் குரல் தானாக இறங்கிவிடும். பாவம், வாழ்க்கையிலேயே முதன்முறையாக அவருக்கு ஒரு ரகசியம் கிடைத்திருந்தது. எங்கள் ஊர் வீடுகளுக்குச் சுவர் கிடையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் செஃபோ செத்துப்போனார்.

செஃபோ பஸ் ஓட்டியவர். மரப் பலகை இருக்கை, மஞ்சள் பெயிண்ட், காதைப் பிளக்கிற பாட்டு. இடம் இல்லை என்று யாரையும் அவர் இறக்கிவிட்டதில்லை. ஒருவர் மடியில் ஒருவர், அவர் மடியில் இன்னொருவர் என்று உட்காரவைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இந்தத் தீவில் அந்த பஸ்ஸில் யார் மடியிலாவது உட்காராதவர் கிடையாது. நானே பாதிரியார் மடியில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பெனியாமினாவுக்கு அவர் சொந்தத் தாய்மாமன். சாவு வீட்டில் முதலில் விழுந்து அழுதவர் பெனியாமினாதான்.

உடலை மாவட்ட ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் வைத்தார்கள். சனிக்கிழமை அடக்கம். இங்கே சாவு என்றால் சும்மா இல்லை. வருகிறவர்கள் எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, போகும்போது ஆளுக்கொரு பெட்டி மீன் டின், பன்றித் தொடை, பாய் என்று கொடுத்து அனுப்பவேண்டும். கொடுக்க முடியாமல் போனால், செஃபோவின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் செய்தி எட்டிய இடத்திலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் பணம் அனுப்புவார்கள். புதன்கிழமை வந்து குவிந்தது. ஆக்லாந்து, சிட்னி, ஹொனலுலு, எங்கள் தலைநகர் ஆப்பியா. ஏகப்பட்ட பேர். ஒருவர் குடும்பப் பெயர் இன்னொருவருக்கு இல்லை. எல்லோரும் ஒரே நாளில், சின்னச் சின்னத் தொகையாக, ஒரே பெண்ணுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண் செஃபோவின் மனைவி லூப்பே.

ஃபிஜியில் கொடுத்த தாளில், தீவிரவாதப் பணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதியிருந்தது அச்சு அசலாக இதைத்தான். அந்தத் தாளை எழுதியவர் ஒரு சமோவாச் சாவுக்கு வந்ததில்லை போலிருக்கிறது. பெனியாமினா கம்பிக்கு உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்தார். வியர்த்தது. லூப்பே வந்து நின்றாள்.

"பணம் வந்திருக்காமே பெனி? ஆக்லாந்துல இருந்து போன் மேல போன்."

"இயந்திரம் சரியில்ல அத்தை."

"அதோ பச்ச விளக்கு எரியுதே?"

"அது... விளக்கு மட்டும்தான் சரியா இருக்கு."

லூப்பே அவரைப் பார்த்தாள். என் கடையில் அவள் கடனாகக் கேட்டிருந்த மீன் டின் பெட்டிகளையும் பார்த்தாள். திரும்பி நடந்துவிட்டாள். "யோவ், அது உன் மாமன் சாவுப் பணம்யா!" என்றேன். "எனக்குத் தெரியும்ணே," என்றார் அவர், கண்ணீரோடு. "கம்பிக்கு உள்ள..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

பணத்தை நிறுத்திவைத்துவிட்டு ஆப்பியாவில் இருக்கிற மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அனுப்பியவர்கள், உள்ளூரில் கொடுத்தவர்கள் ஒருவரையும் விடவில்லை. என் பெயரும் அதில் உண்டு. எங்கே தகராறு வந்தது என்றால், அந்தச் சாவுக்குப் பெனியாமினாவும் எங்கள் ஊர்ப் பணத்தில் ஐம்பது தாலா போட்டிருந்தார், அதே கம்பி வழியாக. மனிதர் நேர்மையானவர். சந்தேகத்துக்குரியவர்களோடு தன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார்.

அனுப்பின பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. பெனியாமினாவைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிற விஷயம் பெனியாமினாவுக்குத் தெரியக் கூடாது.

அன்று சாயங்காலம் கடைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்," என்றார். "ஒருத்தன் தன்னப் பத்தித் தானே எழுதிக் குடுத்துட்டா, அது அவனுக்குத் தெரியாமப் பாத்துக்க முடியுமா?"

"குடிச்சா முடியும்," என்றேன்.

அவர் குடிக்கிறவர் இல்லை. அதனால் வேறு வழியில் முயன்றார். கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டார். கண்ணுக்குக் கண் சந்தித்துவிட்டால் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்று பயம். தாடி முளைத்தது. சாவு வீட்டுக்காக விட்டிருக்கிறார் என்று ஊர் நினைத்து மெச்சியது.

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. அடுத்த நாள் அடக்கம். பணம் வரவில்லை.

விடிந்தும் விடியாமல் எழுந்து பார்த்தால், லூப்பே வீட்டு முன்னால் ஓர் ஆள் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார், தலைமேல் ஒரு நல்ல பாய். இங்கே பெரிய தப்பு செய்துவிட்டவர் கேட்கிற மன்னிப்பு அப்படித்தான். கொலை, மானபங்கம் மாதிரி பெரிய விவகாரமாக இருந்தால்தான் இந்த அளவுக்கு வருவார்கள். வீட்டுக்காரர் வந்து பாயை எடுத்துவிட்டால் மன்னித்ததாக அர்த்தம். எடுக்காத வரைக்கும் வெயிலோ மழையோ அப்படியே கிடக்கவேண்டியதுதான்.

ஊர் முழுக்கக் கூடிவிட்டது. ஊர்ச்சபையில் பேசுகிற உரிமை பெற்ற பெரியவர் லாவுலு, கையில் கோலோடு வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"யாருப்பா அது பாய்க்குள்ள?"

"நான்தாங்க ஐயா. பெனியாமினா."

"என்ன தப்பு செஞ்ச?"

"சொல்லக் கூடாதுங்க."

"யாரு சொல்லக் கூடாதுன்னது?"

"அதையும் சொல்லக் கூடாதுங்க."

லாவுலு கோலை மாற்றிப் பிடித்தார். அவர் வயசுக்கு எத்தனையோ மன்னிப்பைப் பார்த்தவர். என்ன தப்பு என்று சொல்லாத மன்னிப்பை இப்போதுதான் பார்க்கிறார். தப்பு இன்னதென்று தெரிந்தால்தானே மன்னிக்கிறதா வேண்டாமா என்று முடிவு செய்யமுடியும்? ஊர் தன்னால் ஆன உதவியைச் செய்ய முன்வந்தது.

"யாராச்சும் பொண்ணு விவகாரமா இருக்கும்" என்றது ஒரு குரல். பெனியாமினாவின் மனைவி துடைப்பத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, "எந்தப் பொண்ணு?" என்றாள். பாய் இரண்டு பக்கமும் தலையாட்டியது.

"அப்ப செஃபோ வீட்டுப் பன்னி காணாமப் போச்சே, அதுவா?"

பாய் பதில் சொல்லும் முன்பே, கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த சியாவோசி என்ற தடியனுக்கு முகம் வெளுத்தது. அப்படியும் இப்படியும் பார்த்தான். தவழ்ந்து போய்ப் பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்துகொண்டான். கூட்டம் "ஓ" என்றது. "அப்படின்னா பஸ்ஸோட உபரி டயர எடுத்தது யாரு?" என்று யாரோ வேடிக்கைக்குக் கேட்க, இயோவானே போய் நுழைந்தான். யாரும் ஒன்றும் கேட்காமலே பாட்டுக்குழு தலைவர் வந்து, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனார். அவர் என்ன செய்தார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பாய் போதவில்லை. கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

உள்ளேயிருந்து பெனியாமினாவின் குரல் கேட்டது.

"பன்னிய யாருக்கு வித்த?"

"சும்மா இரு பெனி."

"எவ்வளவுக்கு? அந்தக் காசு இப்ப எங்க?"

"டேய், இங்கயுமா!"

லூப்பே இத்தனை நேரமும் சுவர் இல்லாத தன் வீட்டில் உட்கார்ந்து, கொக்கோ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கோப்பையை வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"பெனி. ரெண்டு நாளா நான் கண்ண மூடல. ஊரையே மடில வெச்சு ஓட்டிட்டுப் போனவன், ஐஸுக்குள்ள தனியாப் படுத்திருக்கான். அவன ஒரு மீன் டின் கூட இல்லாம புதைக்கப் போறேனேன்னு அழுதேன்டா. நீ அவன் தோள்ல உக்காந்து வளந்தவன். என்ன செஞ்ச, உன் வாயால சொல்லு. பாய எடுக்குறேன்."

பாய் விம்மியது. "சொன்னா ஜெயிலு அத்தை."

"சொல்லலேன்னா?"

"நரகம்."

லாவுலு நிழல் பக்கமாக நகர்ந்து நின்றார். வெயில் ஏறியது.

"சரி, நீ சொல்லக் கூடாது. உன் சட்டம் என் வாய ஒண்ணும் கட்டலையே?" என்றாள் லூப்பே. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இவன் என்னையும் செத்துப்போன என் புருஷனையும் தீவிரவாதின்னு ஆப்பியாவுக்கு எழுதிக் குடுத்திருக்கான். உங்க எல்லாரையும் சேத்துதான். அத அங்க பிரிச்சுப் படிச்சவ யாரு தெரியுமா? செஃபோ அண்ணன் மக மெரானியா. அவதான் ராத்திரி எனக்குப் போன் போட்டா. உள்ள அவ பேரே இருக்கு. அய்யோன்னு பக்கத்து மேசைக்குத் தள்ளியிருக்கா. பக்கத்து மேசைக்காரி பேரும் இருக்கு. அவ அடுத்தவனுக்குத் தள்ளுனா. அந்த ஆபீஸ்ல செஃபோவுக்குக் காசு போடாத ஒரு ஆளும் இல்ல! கடைசில, ஆலோசனை சொல்ல வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர்தான் பாக்கி. அவரு மீன் பிடிக்கப் போயிட்டாராம். நேத்து சாயங்காலம் வந்து படிச்சிட்டு, 'யாரு இந்த செஃபோ?'ன்னாராம். மொத்த ஆபீஸும் உக்காந்து அழுதுச்சாம். பஸ் கதைய எல்லாம் கேட்டு அவரும் அழுதுட்டு, பணத்த விடச் சொல்லிட்டாரு. பைல இருந்து இருபது தாலா எடுத்தும் குடுத்தாராம்."

பாய் சட்டென்று நிமிர்ந்தது. "அவரும் குடுத்தாரா? அப்ப அவரும்..."

"கையெழுத்து போட்டுட்டுத்தான்டா குடுத்தாரு! வாய மூடு!" என்று லூப்பே பாயைப் பிடித்து இழுத்தாள். உள்ளே நாலு பேர் வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெனியாமினாவைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். அவரும் அழுதார். நானும்தான், என்னத்துக்கு மறைக்கவேண்டும்?

அழுது முடித்த பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வராமல் இருக்குமா?

"ஏன் அத்தை, நேத்தே பணத்த விடச் சொல்லிட்டாங்கன்னா, காலைலேருந்து என்ன எதுக்குப் பாய்க்குள்ளயே வெச்சிருந்த?"

"பன்னிய எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியவேணாமா?" என்றாள் லூப்பே.

சனிக்கிழமை செஃபோவை அவருடைய மஞ்சள் பஸ்ஸிலேயே கொண்டுவந்தார்கள். வந்து இறங்கிய ஒவ்வொன்றையும் லாவுலு முற்றத்தில் நின்று, ஏழு ஊருக்குக் கேட்கிற குரலில் கூவினார். இன்னார், இன்ன ஊரிலிருந்து, இன்ன உறவு, இத்தனை பெட்டி மீன், இத்தனை தாலா, செஃபோவுக்காக! நம் பக்கம் மைக்கில் மொய் வாசிப்பார்களே, அதே கதைதான். மைக் மட்டும் இல்லை. சியாவோசி பெயரில் ஒரு பன்றியும் வந்தது. போனதைவிடக் கொழுத்த பன்றி. ஒரு கேள்விகூடக் கேட்காமல் எல்லாப் பணத்தின் மூலமும் நடுமுற்றத்தில் வந்து விழுவதைப் பெனியாமினா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, இத விட்டுட்டா நான் ஃபிஜிக்குப் போனேன்?" என்று என் காதைக் கடித்தார்.

அப்போது லாவுலு கூவினார்: "பெனியாமினா! மட்டாலோவா! அக்கா மகன்! ஐம்பது தாலா!"

பெனியாமினா ஒரு பெருமூச்சு விட்டார். தன் பெயரும் பட்டியலில் இருக்கிற விஷயம் இப்போது ஊரறிய அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னது அவர் இல்லை. அன்று சாயங்காலமே தாடியை எடுத்துவிட்டார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமை லூப்பே கம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். "எதுக்குப் பணம்?" என்றார். "கல்லறைக்கு வெள்ளையடிக்க" என்றாள். உள்ளேயிருந்து கேள்வி வந்தது: "யாரோட கல்லறை?"

இவ்வளவையும் படித்துவிட்டு, எங்கேயோ ஒரு தீவில் யாரோ ஒரு பெனியாமினா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மேசைப் பக்கம் காரணமில்லாமல் நீங்கள் நின்றதே இல்லையா? எதிர்வீட்டில் புதுக் கார் வந்த அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்கியதா? இதை எழுத இந்த ஆளுக்கு யார் காசு கொடுத்திருப்பார்கள் என்று இப்போது ஒரு நினைப்பு ஓடவில்லையா, உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் அந்த இனமா இல்லையா என்பது எனக்குத் தெரியும். உங்களைப் பற்றி மேலே எழுதிக் கொடுத்துவிட்டேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இயந்திரம் சரியில்லை.